கண்ணாடி உள்ள கேமராவா, இல்லாத கேமராவா?

வணக்கம் நேயர்களே. பேச ஆரம்பிக்கும் முன் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் எழுப்புகிறேன், கேளுங்கள்.

(கேமரா ஒலி: க்ளாக்)

இது டிஎஸ்எல்ஆர். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தையும் மீறி நீங்கள் கேட்ட சத்தம் இதுதான். இப்போது இன்னொன்று.

(கேமரா ஒலி: ச்சிக்)

இது மிரர்லெஸ். கடைசியாக ஒன்று.

(சில நொடி மௌனம்)

இப்போதும் ஒரு படம் எடுத்தேன். அதே மிரர்லெஸ்தான், சைலன்ட் மோடில் போட்டிருக்கிறேன். நிலையம் நின்றுவிட்டது என்று யாரும் ரேடியோவைத் தட்ட வேண்டாம்.

கேமராவைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டபோது, படத்தைக் காட்டாமல் என்ன பேசுவது என்று இரண்டு நாள் முழித்தேன். அப்புறம்தான் உறைத்தது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே காதில் கேட்கிற வித்தியாசம்தானே. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும், படத்தைப் பதிவு செய்கிற சென்சாருக்கும் நடுவில் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கும். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தை அது மேலே திருப்பிவிடும், அங்கிருந்து அது வியூஃபைண்டர் வழியாக உங்கள் கண்ணுக்கு வரும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பி, ஷட்டர் திறந்து மூடி, கண்ணாடி மறுபடி கீழே வந்து விழும். அந்தக் க்ளாக்கில் பெரும்பங்கு அதனுடையதுதான். கண்ணாடியை எடுத்துவிட்டால் மிரர்லெஸ். வெளிச்சம் நேராகச் சென்சாரில் விழுகிறது, சென்சார் பார்ப்பதை ஒரு சின்னத் திரையில் நாம் பார்க்கிறோம்.

நான் கும்பகோணம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எடுத்துப் பிழைக்கிறவன். ஃபிலிமில் ஆரம்பித்தவன், 2005இல் நிக்கான் டி70 வாங்கி டிஜிட்டலுக்கு வந்தேன். அதற்காக அடகுக்குப் போன வீட்டுக்காரியின் சங்கிலி திரும்பி வர ஒன்றரை வருடம் ஆனது. அதனால், "அண்ணே, கையில் ஐம்பதாயிரம் இருக்கு, டிஎஸ்எல்ஆர் வாங்கட்டுமா, மிரர்லெஸ் வாங்கட்டுமா" என்று யாராவது வந்து நின்றால் எனக்கு அந்த ஐம்பதாயிரத்துக்குப் பின்னால் யாருடைய சங்கிலியோ தெரிகிறது. அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் பதில் ஒன்று வைத்திருக்கிறேன். புது டிஎஸ்எல்ஆர் வேண்டாம். பணம் எட்டினால் புது மிரர்லெஸ், எட்டவில்லையா, செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர். கடை அலமாரியில் சீல் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிற புது டிஎஸ்எல்ஆர்தான் இந்த மூன்றில் மோசமான பேரம்.

காரணம் சொல்கிறேன். ஆரம்பக்காரர்களுக்கென்று கடைகளில் காட்டப்பட்ட கேனான் 1500டி 2018இல் வந்த கேமரா. நிக்கான் டி3500உம் அதே வருடம். கேனான் 200டி மார்க் 2 என்றால் 2019. 2020க்குப் பிறகு இந்த இரண்டு கம்பெனியும் ஒரு புது டிஎஸ்எல்ஆர் கூட வெளியிடவில்லை. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக 2021இல் ஒன்று கொண்டுவந்தது, அந்தப் பிடிவாதத்தை எனக்குப் பிடிக்கும், ஆனால் நம் ஊரில் அதற்கு லென்ஸ் தேடி அலைய முடியாது. அதற்காக அந்தக் கேமராக்கள் கெட்டுப்போய்விட்டன என்று சொல்லவில்லை. 24 மெகாபிக்சல் அன்றும் 24, இன்றும் 24. சட்டம் போட்டு மாட்டிய படத்தைப் பார்த்து இது கண்ணாடி உள்ள கேமராவில் எடுத்தது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. முன்னேற்றம் நின்றுபோன ஒரு பொருளுக்குப் புதுப் பொருளின் விலை கொடுப்பது ஏன் என்பதுதான் என் கேள்வி.

சரி, மிரர்லெஸ்ஸில் அப்படி என்ன கிடைக்கிறது? என் கணக்கில் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு முதல் லாபம் அந்த எலக்ட்ரானிக் வியூஃபைண்டர்தான். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி உலகத்தைக் காட்டுகிறது, மிரர்லெஸ்ஸின் திரை வரப்போகிற படத்தைக் காட்டுகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் திரை இருட்டாகிறது, குறைத்தால் வெளுக்கிறது, ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, ஏற்றினால் பிரகாசம் ஏறுகிறது, எல்லாம் பட்டனை அழுத்தும் முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. நாங்கள் ஃபிலிம் காலத்தில் 36 படம் எடுத்து, லேபுக்குக் கொடுத்து, மூன்று நாள் கழித்துத் தெரிந்துகொண்டதை இந்தப் பிள்ளைகள் அரை நொடியில் தெரிந்துகொள்கிறார்கள். டிஎஸ்எல்ஆரில் கற்றால்தான் ஒழுங்காகக் கற்க முடியும், கஷ்டப்பட்டுக் கற்பதே நிற்கும் என்று என் வயதுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கஷ்டப்பட்டதால் நான் கற்றுக்கொள்ளவில்லை, அதிகமான படங்களைப் பாழாக்கினேன், அவ்வளவுதான்.

இன்னொன்று, விலை குறைந்த டிஎஸ்எல்ஆரில் அந்தக் கண்ணாடிக் காட்சியே முழுசாக இருக்காது. 1500டியின் வியூஃபைண்டர் காட்டுவது படத்தில் சுமார் 95 சதவீதம். மீதி ஐந்தில்தான் நீங்கள் பார்க்காத யாரோ ஒருவரின் முழங்கை இருக்கும்.

அடுத்து ஃபோகஸ், இதில்தான் நான் மாறினேன். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது ஒரு சென்சார், படம் பிடிப்பது வேறொரு சென்சார். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை அளவு பொருத்தம் தப்பினால், கண்ணில் ஃபோகஸ் வைத்திருப்பீர்கள், படத்தில் காது மட்டும் துல்லியமாக இருக்கும். பெரிய கேமராக்களில் இதைச் சரிசெய்ய மெனுவில் வசதி உண்டு, இந்த ஆரம்ப விலைக் கேமராக்களில் அது கிடையாது. கேமராவோடு சேர்த்துக் கொடுக்கிற கிட் லென்ஸில் இது தெரியவே தெரியாது. 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் வாங்கி (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும்), திறப்பை முழுசாக வைத்து ஒரு முகத்தை எடுக்கும் நாளில்தான் தெரியும். அதோடு 1500டியில் ஃபோகஸ் புள்ளி ஒன்பதே ஒன்பது, எல்லாம் நடுவில் கூடி நிற்கும். மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கிற சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது, அதனால் அந்தப் பொருத்தம் தப்பும் பிரச்சினை கிடையாது. கேனான் ஆர்50 மாதிரி 2023இல் வந்த ஒரு சின்னக் கேமரா கூடச் சட்டத்தின் ஓரத்தில் நிற்கிற குழந்தையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் கேட்டு உடனே கடைக்கு ஓட வேண்டாம். மிரர்லெஸ்ஸிலும் விலையைக் குறைக்கக் கை வைத்திருக்கிறார்கள், எங்கே என்று தெரிந்து வாங்க வேண்டும். கேனான் ஆர்100இல் திரை அசையாது, தொட்டாலும் கேட்காது. சோனி இசட்வி-இ10, நிக்கான் இசட்30 இரண்டிலும் வியூஃபைண்டரே இல்லை. வீட்டுக்குள் வீடியோ எடுக்கிறவர்களுக்கு அது குறையே இல்லை, ஆனால் தஞ்சாவூர் பெரிய கோயில் முற்றத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள், பின்னால் இருக்கும் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். மற்றதை எல்லாம் விட யாரும் சொல்லாத விஷயம் கிட் லென்ஸ். பழைய 18-55, அகலக் கோணத்தில் எஃப்3.5 வரை திறக்கும். ஆர்50உடன் வருகிற 18-45 எஃப்4.5இல்தான் ஆரம்பிக்கிறது, 45இல் எஃப்6.3. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற டெலி லென்ஸும் அப்படித்தான், டிஎஸ்எல்ஆருக்கான 55-250 கடைசியில் எஃப்5.6, மிரர்லெஸ்ஸின் 55-210 எஃப்7.1. பையில் அடங்குகிற மாதிரிச் சின்னதாகச் செய்திருக்கிறார்கள், வெளிச்சத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். குழல்விளக்கு மட்டும் எரிகிற வீட்டுக் கூடத்தில் அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம். ஆகவே கையில் இருப்பதை முழுக்க பாடிக்கே கொட்டாமல் ஒரு எஃப்1.8 லென்ஸுக்கு ஒதுக்கி வையுங்கள்.

பேட்டரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டி3500க்குக் கம்பெனிக் கணக்கு ஒரு சார்ஜில் 1550 படம், இசட்வி-இ10க்கு 440. இரண்டாவது பேட்டரி வாங்கிக்கொண்டால் முடிந்தது.

சைலன்ட் மோட் பற்றி ஒரு எச்சரிக்கை, இது என் சொந்த முட்டாள்தனம். ஒரு ரிசப்ஷனில் மேடைக்குப் பின்னால் ஆளுயர எல்இடி திரை. சத்தம் போடாமல் எடுக்கிறேன் பார் என்று பெருமையாகச் சைலன்ட்டில் போட்டு நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் மாப்பிள்ளை மேல் ஜமுக்காளம் மாதிரிக் கோடு கோடாக இருக்கிறது. அந்த மோடில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கும், எல்இடியோ நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரியும், இரண்டும் சேர்ந்தால் கோடு. மெக்கானிக்கல் ஷட்டரில் எடுத்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பேன்.

ஃபிளாஷ் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள், நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 1500டியிலும் 200டி மார்க் 2விலும் ஃபிளாஷ் செருகும் இடத்தில் நடு முனை இல்லை, அதனால் அந்த ஒரு முனையை நம்பி எரிகிற மலிவு விலை ஃபிளாஷ்கள் அதில் எரியாது. ஆர்50இலும் பழைய ஃபிளாஷை அப்படியே செருக முடியாது, தனி அடாப்டர் வேண்டும். வாங்கப்போகும்போது உங்கள் ஃபிளாஷையும் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

இனி செகண்ட் ஹேண்ட். எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு ஓடுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் வரிசையாக விற்பனைக்கு வருகின்றன, லென்ஸுகளும்தான். பாடி வாங்கும்போது ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை எத்தனை கிளிக் அடித்திருக்கிறது என்று கேளுங்கள், கல்யாணத்துக்குப் போய்வந்த கேமரா என்றால் லட்சம் கிளிக்கைத் தாண்டியிருக்கும், கல்லூரிப் பையன் ஆசைக்கு வாங்கி மூலையில் போட்டது என்றால் ஐயாயிரம் கூட இருக்காது. இரண்டாமவனைத் தேடுங்கள், அவன் ஊருக்கு நாலு பேர் இருக்கிறான். லென்ஸை மொபைல் டார்ச் வைத்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை ஓடினால் ஃபங்கஸ், நம் காவிரிக் கரை ஈரத்துக்கு அது சர்வ சாதாரணம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அப்புறம் நிக்கான்காரர்களுக்கு ஒன்று: 50 எம்எம் 1.8டி என்று ஒரு பழைய லென்ஸ் ரொம்ப மலிவாகக் கிடைக்கும், அருமையான லென்ஸ், ஆனால் டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதில் மாட்டினால் கையால்தான் திருக வேண்டும்.

மிரர்லெஸ்ஸைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய், என்ன வகை என்று கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கேனான் எம்50 என்று 2018இல் வந்தது, யூடியூப்காரர்கள் கொண்டாடிய கேமரா, இப்போது மலிவாக வருகிறது. அது இஎஃப்-எம் என்ற மவுண்ட். 2012இல் ஆரம்பித்த அந்தக் குடும்பத்தை 2023இல் மூடிவிட்டார்கள். அதன் லென்ஸுகளைக் கேனானின் இன்றைய ஆர் வரிசையில் மாட்ட முடியாது. அதே சமயம் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸை ஓர் அடாப்டர் போட்டு ஆர் வரிசையில் மாட்டலாம், ஆட்டோஃபோகஸ் உட்பட வேலை செய்யும். டிஎஸ்எல்ஆர் மவுண்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மில்லிமீட்டர், ஆர் மவுண்டில் 20, அந்த 24 மில்லிமீட்டர் இடைவெளியில்தான் அடாப்டர் உட்காருகிறது. ஆக இன்று பழைய டிஎஸ்எல்ஆருக்கு வாங்குகிற கேனான் லென்ஸ் நாளைக்குக் கூடவே வரும், எம்50க்கு வாங்கியது வராது.

போன வருடம் இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று என் அக்கா மகள், நாட்டியம் எடுக்க ஆசை, மகாசிவராத்திரிக்குச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி எடுக்க வேண்டும் என்றாள். மேடை வெளிச்சம் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், அபிநயத்தில் கண்தான் எல்லாம், அதனால் ஆர்50உம் 50 எம்எம் 1.8உம் என்று முடிவு செய்தோம். பட்ஜெட்டைத் தாண்டியது, மீதியை அக்கா போட்டாள், நான் போட்டதாக அக்காவிடம் சொல்லியிருக்கும் அந்த ஐயாயிரத்தை இன்னும் நான் கொடுக்கவில்லை.

இன்னொருவன் பக்கத்து வீட்டுப் பையன், பாலிடெக்னிக் படிக்கிறான், கையில் இருபத்திரண்டாயிரம். பறவை எடுக்க வேண்டுமாம். புது மிரர்லெஸ்ஸுக்கு அது போதாது, பறவைக்கு டெலி லென்ஸ் இல்லாமல் முடியாது. தேடிப் பிடித்துச் செகண்ட் ஹேண்டில் ஒரு டி3500, கூடவே 70-300. ஞாயிறு விடிகாலை பஸ் பிடித்து வடுவூர் ஏரிக்குப் போகிறான், ஒரே பேட்டரியில் நாள் முழுக்க எடுக்கிறான். இரண்டு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, கரைக்குப் பக்கத்தில் ஒரு நாரை, நல்லா பக்கம். ஒரு கிளிக்தான், சத்தம் கேட்டுப் பறந்துடுச்சு." மெனுவில் குவைட் மோட் இருக்கிறதே, அதைப் போடு என்று திட்டிவிட்டு, காட்டு பார்ப்போம் என்று கேமராவை வாங்கிப் பார்த்தேன். முதல் படத்தில் நாரை சும்மா நின்றுகொண்டிருந்தது. விரலை எடுக்காமல் வைத்திருந்திருக்கிறான் போல, இரண்டாவது படத்தில் இறக்கை முழுசாக விரிந்து, கால் இன்னும் தண்ணீரை விடாமல், சொட்டு சொட்டாக நீர் தெறிக்க, அந்தச் சத்தத்துக்குப் பயந்து எழும்பிய நாரை.

பிரிண்ட் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.

(கேமரா ஒலி: க்ளாக்)