ஹெரால்டுக்கு யார் உறவு?

வணக்கம் நேயர்களே. பழைய காரை வேறொரு மாடலின் பாகங்களை வைத்து மறுபடி ஓட வைப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாக் கார்களையும் தொட்டால் நேரம் போதாது. நம்ம ஊரில் தயாரான ஒரு காரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

1959-இல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டாக வந்தது. தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதை இங்கே தயாரித்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு உட்பட முன்பக்கம் முழுவதும் எழுந்து நிற்கும். மெக்கானிக் முன் டயர் மேல் உட்கார்ந்தே இஞ்சினைப் பிரிக்கலாம். இப்படி வசதி தரும் கார் அப்புறம் எத்தனை வந்தன?

கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. சென்னையில் பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம், ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கேட்ட பாகம் கேட்ட அன்றே கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். அதனால் வேறு வண்டியிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். பெண் எடுப்பதுபோல, முதலில் சொந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஹெரால்டுக்கு இங்கேயே நெருங்கிய சொந்தம் கெஸல். 1972-இல் ஹெரால்டின் இடத்துக்கு வந்த வண்டி. அதிலும் அதே 948 சி.சி. இஞ்சின்தான். அதற்கு முந்தைய ஸ்டாண்டர்டு டென்னும் அதே இஞ்சின் குடும்பம். ஓட்டத்துக்கு உதவாத கெஸல் ஒன்று எங்காவது கிடந்தால் விடாதீர்கள். ஆனால் பின் ஆக்சிலை மட்டும் தொட வேண்டாம். ஹெரால்டில் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும், குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். கெஸலில் இரண்டையும் சேர்க்கும் ஒற்றை ஆக்சில். ஹெரால்டின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், அதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. மாட்ட வேண்டுமென்றால் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். வளைவில் ஹெரால்டின் பின்பக்கம் பயமுறுத்தும், உண்மைதான். அதற்கு மருந்து மெதுவாகத் திருப்புவது.

வெளிநாட்டுச் சொந்தம் என்றால் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டை அடிப்படையாக வைத்துச் செய்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் முன் டிஸ்க் பிரேக்கைச் சுற்றியுள்ள பாகங்களோடு செட்டாக வாங்கினால், எதையும் வெட்டாமல் ஹெரால்டில் பொருத்தலாம்.

பாகம் எங்கிருந்து வந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குடும்பத்தின் முன் சக்கரம் கீழே டிரனியன் என்ற வெண்கலத் துண்டில், மரையின் மேல் திரும்புகிறது. அதற்குள் இ.பி. 90 கியர் ஆயில் விட வேண்டும். பல பட்டறைகளில் கிரீஸ் துப்பாக்கியை வைத்து அழுத்திவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாகப் போகாது. உள்ளே தண்ணீர் சேரும், இரும்பு அரிக்கும், ஒரு நாள் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிவிடும்.

சொந்தமே இல்லாத வண்டியிலிருந்து எடுக்கலாமா? பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்குச் சரி. ஹெரால்டில் அந்த வேலையைச் செய்யும் பழைய டைனமோ, வண்டி நின்று இஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது சரியாகச் சார்ஜ் ஏற்றாது. மவுண்ட் ரோடு சிக்னலில் ஹெட்லைட்டோடு நின்றால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். மாருதி 800-இன் ஆல்டர்நேட்டரைப் பிராக்கெட் செய்து மாட்டுபவர்கள் உண்டு. நாளைக்கே கழற்றி டைனமோவைத் திரும்ப வைத்துவிடலாம் என்பதால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இணைந்திருக்கும். அந்த இணைப்பை மாற்றாமல் ஆல்டர்நேட்டரை இணைத்தால் அதற்குள் இருக்கும் டையோடு அந்த நொடியே போய்விடும்.

மரையும் ஒத்துப்போகாது. ஹெரால்டில் அங்குல அளவு, மாருதியில் மில்லிமீட்டர். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு 8 மில்லிமீட்டர் போல்ட்டும் அதே தடிமன்தான். கொஞ்சம் ஏறும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனரில் பலம் காட்டினால் மரை காலி. லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு கறாராக நான் பேசுவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேசிஸ், பாடி, இஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். கழற்றி மாட்டும் பாகத்தைவிட வெட்டி ஒட்டும் பாகம்தான் இங்கே வம்பு.

ஆகவே, தாத்தாவின் ஹெரால்டு வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால், பாகம் வாங்க ஓடாதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.