சீமை மாளிகையில் சீட்டித் துணி

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளில் கறுப்பு அரக்குப் பூசி, பூவும் பறவையும் செதுக்கிய ஆளுயர மடக்குத் தட்டிகளைப் பார்க்கலாம். அவற்றுக்குக் 'கோரமண்டல் தட்டி' என்று பெயர். நம் சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது. ஆனால் நாகப்பட்டினத்துத் தச்சர் யாரும் இதைச் செய்யவில்லை, செய்தது சீனாவில். நம் கரை வழியாகக் கப்பலேறிப் போனதால் நம் பெயர் ஒட்டிக்கொண்டது. சுவரில் ஒட்டிய சீனச் சித்திரத் தாளுக்கும் அன்று 'இந்தியத் தாள்' என்றே பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் வந்தால் எல்லாம் இந்தியா!

சரி, உண்மையிலேயே நம் கரையிலிருந்து போனது எது? சீட்டித் துணி. அவர்கள் சிண்ட்ஸ் என்பார்கள். பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து ஊற வைத்து, படிகாரத்தால் பூ எழுதி, சாய வேரோடு கொதிக்க விட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகு பூசி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் சாயம் போகாது. ஆனால் துணியின் தரை, அதாவது பின்னணி, அடர்ந்த சிவப்பாக இருந்தது சீமைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளைத் தரையில் வண்ணப் பூ வேண்டும் என்று 1643லேயே கம்பெனி இயக்குநர்கள் எழுதிவிட்டார்கள். ஆக, பழைய இந்திய வேலைப்பாடு என்று நாம் பார்த்து வியப்பதில் பாதி, லண்டன் ஆர்டர்.

இங்கிலாந்து நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் கூடாது, வீட்டில் தொங்கவிடவும் கூடாது என்று 1721ல் சட்டம் வந்தது. ஆசை விடுமா? கள்ளத்தனமாக வந்துகொண்டே இருந்தது. நாடக நடிகர் டேவிட் காரிக், தேம்ஸ் கரையில் ஹாம்டனில் இருந்த தம் வீட்டுக் கட்டிலுக்கு நம் கரைச் சீட்டியில் திரை வைத்திருந்தார். கல்கத்தா வணிகர்கள் கொடுத்த அன்பளிப்பு அது. 1775ல் சுங்கத்தார் பறித்துக்கொண்டு போக, மனைவிக்காகக் கருவூல அதிகாரியிடம் கெஞ்சிக் கடிதம் எழுதினார் காரிக். அந்தக் கட்டில் இப்போது விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் இன்னொரு சீட்டி உண்டு, திப்பு சுல்தானின் கூடாரம். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னை கவர்னராக இருந்தவர் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். அவர் குடும்பத்தோடு அதுவும் கடல் கடந்தது. உட்புறம் முழுக்க வெள்ளைத் தரை, பூச்சாடி, சிவப்புப் பூக்கள். அந்தக் குடும்பத்தார் அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டார்கள்.