பழைய காசுக்கு விலை எங்கிருந்து வருது?

வணக்கம் மக்களே. டேபிள் மேல மூணு காசு வச்சிருக்கேன், கேமராவக் கொஞ்சம் கீழ இறக்குறேன், பாருங்க. இடது பக்கம் இருக்கிறது ராஜராஜ சோழன் பேர் போட்ட செப்புக்காசு. ஆயிரம் வருஷம் ஆச்சு. நடுவுல இருக்கிறது ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபா, 1938. வலது பக்கம் 2012-ல வந்த வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபா.

இதுல எதுக்கு விலை அதிகம்னு யார்கிட்ட கேட்டாலும் முதல்ல சோழர் காசைத்தான் காட்டுவாங்க. ஆனா அந்தக் காசு காயின் கண்காட்சிகள்ல சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. உருவம் தெளிவா இருந்தா கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஒரு பக்கம் ராஜா நிக்கிறாரு, மறுபக்கம் உக்காந்திருக்காரு, பக்கத்துல நாகரி எழுத்துல ‘ஸ்ரீ ராஜராஜ’. ராஜராஜன் காலத்து உலோகத்த உள்ளங்கையில வச்சுப் பாக்குறதுன்னா எனக்கு இன்னும் சிலிர்க்குது. அப்புறம் ஏன் இவ்வளவு மலிவு? ஏராளமா அடிச்சாங்க, ஏராளமா மிஞ்சியும் இருக்கு. மண்ணுக்குள்ள பானை பானையா கிடைச்சிருக்கு. இலங்கையில ஆண்ட அரசர்களும் இதே அமைப்புல தங்களோட பேரப் போட்டு ரொம்ப நாள் காசு அடிச்சாங்க. வேணும்னு கேக்குறவங்கள விட சந்தையில இருக்கிற காசு அதிகம். அதனால வயச மட்டும் வச்சு விலை சொல்லாதீங்க.

சரி, நடுவுல இருக்கிற ரூபாய்க்கு வருவோம். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

இதோட எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதுல 91.7 சதவீதம் வெள்ளி. கணக்குப் போட்டா சுத்த வெள்ளி 10.69 கிராம் வரும். அதனால இந்தக் காசு எவ்வளவு தேஞ்சு போனாலும் வெள்ளி விலைக்குக் கீழ போகாது. இது முதல் படி, உலோக விலை. ‘ஒரு ரூபாய்’ங்கிற எழுத்துக்கு அங்கேயே மதிப்பு போயிடுச்சு.

இப்ப இந்த 1938-ல கடைசி எண் 8-க்குப் பதிலா 9-ன்னு இருந்தா? அதே ராஜா, அதே வெள்ளி, அதே எடை. விலை லட்சங்கள்ல போகும். 1939 செப்டம்பர்ல இரண்டாம் உலகப்போர் ஆரம்பிச்சிடுச்சு. போர்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க? வெள்ளியப் பதுக்குவாங்க. அரசாங்கத்தாலயும் அவ்வளவு வெள்ளியக் காசுல போட முடியல. 1940-ல ரூபாயோட வெள்ளிய 50 சதவீதத்துக்குக் குறைச்சுட்டாங்க, மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947 வரும்போது வெள்ளியே கிடையாது, முழு நிக்கல், பின்னாடி புலி. இந்த மாற்றத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டது 1939-ன்னு போட்ட பழைய வெள்ளி ரூபா. இன்னைக்கு மிஞ்சியிருக்கிறது ரொம்பக் கொஞ்சம். ஆறாம் ஜார்ஜ் ரூபாய வருஷ வரிசையா சேக்குறவங்களுக்கு எல்லாக் கட்டமும் நிரம்பினாலும் அந்த ஒரு கட்டம் காலியா நிக்கும். அந்தக் காலிக் கட்டத்த நிரப்ப ஏலத்துல போட்டி போடுறாங்க. விலைய ஏத்துறது அந்தப் போட்டிதான். அதனாலேயே இதுல போலி அதிகம். 1938-ல இருக்கிற 8-ஐச் செதுக்கி 9 ஆக்கினதும் உண்டு. யாராவது 1939 வெள்ளி ரூபா இருக்குன்னு சொன்னா, லென்ஸ் வச்சு அந்தக் கடைசி எண்ணச் சுத்தி இருக்கிற பரப்பப் பாருங்க, எடை போட்டுப் பாருங்க.

இது கூடவே 1911 ரூபாயையும் சொல்லணும். ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவோட முதல் ரூபா. அவரோட மேலங்கியில ஒரு யானை இருக்கும். துதிக்கை குட்டையா, கால் குட்டையா விழுந்ததால ஜனங்க கண்ணுக்கு அது பன்றியாத் தெரிஞ்சது. பெரிய எதிர்ப்பு வந்துச்சு. 94 லட்சம் காசு அடிச்சதுல சுமார் 7 லட்சம்தான் வெளிய வந்திருந்தது. மிச்சத்த உருக்கிட்டாங்க, 1912-ல இருந்து யானையத் திருத்தி அடிச்சாங்க. பன்றி ரூபான்னே பேரு நின்னுடுச்சு.

இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. கதைன்னு பாத்தா 1911-க்கு முன்னாடி எதுவும் நிக்காது. ஆனா 7 லட்சம் காசு ஜனங்க கைக்குப் போனதால, இன்னைக்கும் தேடினா கிடைக்குது. மத்த வருஷ ரூபாய விட விலை கூட, ஆனா 1939 பக்கத்துல நெருங்க முடியாது. கதை ஆசையத் தூண்டும். எத்தனை மிஞ்சியிருக்குங்கிறதுதான் விலைய முடிவு பண்ணும். எத்தனை அடிச்சாங்கன்னு புத்தகத்துல போட்டிருக்கிற எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க, உருக்கினது அந்தக் கணக்குல வராது.

இதோட உச்சக்கட்ட உதாரணம் அமெரிக்காவோட 1933 இருபது டாலர் தங்கக்காசு. டபுள் ஈகிள்னு சொல்லுவாங்க. 4,45,500 காசு அடிச்சாங்க. அதே வருஷம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தங்கம் வச்சிருக்கத் தடை போட்டதால எதையும் வெளிய விடாம உருக்கினாங்க. தப்பிச்ச ஒண்ணு எகிப்து ராஜா ஃபரூக் கைக்குப் போச்சு. அந்தக் காசுதான் பல வருஷ வழக்குக்கு அப்புறம் தனி ஆள் சட்டப்படி வச்சிக்கலாம்னு அனுமதி கிடைச்ச ஒரே 1933 காசுன்னு நம்பப்படுது. 2002-ல 75 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு, 2021-ல 1 கோடியே 89 லட்சம் டாலர். 2002-ல வாங்கினவர் ஏலத் தொகையோட கூட 20 டாலர் தனியாக் கட்டினாரு. அரசாங்கம் முறையா வெளியிடாத காசுங்கிறதால, அதோட முகமதிப்ப அன்னைக்குத்தான் கஜானாவுக்குக் கொடுத்து அதப் பணமாக்கினாங்க.

அடுத்து, காசு எந்த நிலைமையில இருக்குங்கிறது. இதுதான் நம்ம கையில இருக்கிற விஷயம், அதனால கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். 1949-ல வில்லியம் ஷெல்டன்னு ஒருத்தர் அமெரிக்காவோட பழைய செப்பு சென்ட் காசுகளுக்கு 1 முதல் 70 வரைக்கும் ஒரு அளவுகோல் போட்டாரு. 70-ல இருக்கிற காசு 1-ல இருக்கிற காசு மாதிரி எழுபது மடங்கு விலை பெறும்ங்கிறதுதான் அவரோட கணக்கு. இன்னைக்குச் சந்தை அந்தக் கணக்கத் தாண்டிப் போயிடுச்சு, ஆனா காசோட நிலைமையப் பாத்து மார்க் போடுற கிரேடிங் கம்பெனிங்க இன்னும் அதே 70-ஐத்தான் வச்சிருக்காங்க. ராஜா தலைமுடி, கிரீடத்து வேலைப்பாடு, புடைச்சு நிக்கிற இடமெல்லாம் தேயாம இருக்கான்னு பாப்பாங்க.

நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? தாத்தா பெட்டியில பழைய காசு கிடைச்சதும் புளி போட்டுத் தேய்ச்சு, விபூதி போட்டுத் தொடச்சுப் பளபளன்னு ஆக்கிடுறோம். தயவுசெஞ்சு பண்ணாதீங்க! வெள்ளி மேல வருஷக்கணக்குல படிஞ்ச அந்தக் கருமையும் நீலச் சாயலும்தான் காசு கைபடாம இருந்ததுக்குச் சாட்சி. தேய்ச்சா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், டீலர் லைட்டுக்குக் கீழ திருப்பினதும் கண்டுபிடிச்சுடுவாங்க. காசுமாலைக்காக வளையம் பத்த வச்ச விக்டோரியா ரூபாயும் அப்படித்தான். வளையத்த எடுத்தாலும் தடம் போகாது, அது வெள்ளி விலைக்குத்தான் போகும். ஆனா அது உங்க பாட்டி போட்டிருந்த மாலைன்னா விக்கவே நினைக்காதீங்க, அந்த மதிப்பு வேற.

இப்ப மூணாவது காசு. வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபா. இத வச்சுத்தான் ‘இந்தக் காசு இருந்தா பத்து லட்சம்’னு வீடியோ போடுறாங்க. இது புழக்கத்துக்கு நிறைய வந்த காசு, அபூர்வம் கிடையாது. எனக்கு இதுல உண்மையிலேயே கோபம் வருது, ஏன்னா நம்பி ஏமாறுறவங்க பெரும்பாலும் பணத்தேவையில இருக்கிறவங்க. ‘உங்க காசுக்கு ஆள் ரெடி, முதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, அப்புறம் வரி கட்டுங்க’ன்னு கறப்பாங்க. ரிசர்வ் வங்கி பேரையும் லோகோவையும் கூடப் போட்டுக் காட்டுவாங்க. 2021 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி தெளிவா அறிவிச்சிடுச்சு: பழைய நோட்டு, காசு வியாபாரத்துல நாங்க கிடையாது, கமிஷனோ கட்டணமோ கேக்கிறதும் கிடையாது. காசு வாங்குறவர் உங்களுக்குத்தான் பணம் தரணும். உங்ககிட்ட முன்பணம் கேட்டா அந்த இடத்திலேயே போனை வச்சிடுங்க.

சில்லறையில தேடவே வேணாமான்னு கேட்டா, தேடுங்க, நல்லா தேடுங்க. வருஷத்துக்குக் கீழ பாருங்க, எந்த ஊர் நாணயச்சாலையில அடிச்சதுன்னு அங்க இருக்கிற குறி சொல்லும். வைரக் குறி இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், சின்ன வட்டப் புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. நம்ம அரசாங்கம் இங்கிலாந்து, கனடா, தென்கொரியா, மெக்சிகோன்னு வெளிநாட்டுலயும் காசு அடிச்சு வாங்கியிருக்கு, அந்தக் குறியெல்லாம் தனி. ஒரே வருஷத்துல ஒரு நாணயச்சாலையில கோடிக்கணக்குல அடிச்சிருப்பாங்க, இன்னொண்ணுல கொஞ்சமா அடிச்சிருப்பாங்க. அச்சு நகர்ந்து அடிச்ச எரர் காசும் அப்பப்போ சில்லறையில மாட்டும். லட்சம் வராது. ஆனா தேடுற கண்ணு வந்துடும், அப்புறம் கடையில மிச்சம் வாங்கும்போது காசத் திருப்பிப் பாக்காம பைக்குள்ள போட மாட்டீங்க.

உங்ககிட்ட இருக்கிற காசப் போட்டோ எடுத்து அனுப்புறவங்க ரெண்டு பக்கமும் எடுங்க, விளிம்பையும் ஒரு போட்டோ எடுங்க, எடை தெரிஞ்சா எழுதுங்க. தேய்க்காம அனுப்புங்க. அடுத்த வீடியோல சங்ககாலப் பாண்டியர் காசு பாக்கலாம், நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டுபிடிச்சுப் படிச்ச ‘பெருவழுதி’ எழுத்துள்ள காசு. அதுக்குள்ள முடிஞ்சா எழும்பூர் மியூசியத்துல நாணயப் பகுதிய ஒரு தடவை பாத்துட்டு வாங்க.