காட்டுமாட்டிடம் பொய் பலிக்காது: சீட்டு மேசையில் உங்கள் குணம் எந்த மலை விலங்கு?

[காட்சி: குன்னூர் – கோத்தகிரி சாலை, சாயங்காலம், மூடுபனி. நடுரோட்டில் ஒரு காட்டுமாடு.]

இவரை நன்றாகப் பாருங்கள். பின்னால் ஆறு வண்டி நிற்கிறது. லைட் போட்டுப் பார்த்துவிட்டார்கள், ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டார்கள். (தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள், காத்திருங்கள்.) இவர் காதைக்கூட அசைக்கவில்லை. இதே மாதிரி ஓர் ஆள் உங்கள் எதிரே சீட்டோடு உட்கார்ந்திருந்தால், நீங்கள் எவ்வளவு பெரிய பாசாங்கு போட்டாலும் அது பலிக்காது. ஏன்? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் ஹோல்டம் என்ற வகையில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஏழிலிருந்து நல்ல ஐந்தைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்துக்கு ஈடு கட்டலாம், ஏற்றலாம், அல்லது ரம்மியில் டிராப் ஆகிற மாதிரி விலகலாம். மற்ற எல்லோரும் விலகிவிட்டால், மிச்சமிருப்பவர் சீட்டைக் காட்டாமலே அள்ளிக்கொள்ளலாம். பொய்க்கு இடம் அங்கேதான்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் வையுங்கள். கையில் வரக்கூடிய இரண்டு சீட்டு ஜோடிகள் மொத்தம் 1,326. அதில் இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 தடவைக்கு ஒரு தடவை. பெரும்பாலான நேரம் உங்கள் கையில் இருப்பது குப்பைதான். நல்ல சீட்டு வந்தால் யாரும் நன்றாகத்தான் ஆடுவார்கள். குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் குணம் வெளியே வருகிறது.

போக்கர் ஆடுகிறவர்கள் எதிராளியை எடைபோட இரண்டே கேள்வி வைத்திருக்கிறார்கள். இவர் எத்தனை ஆட்டத்தில் இறங்குகிறார்? இறங்கினால் தானாக ஏற்றுகிறாரா, அடுத்தவர் பின்னாலேயே போகிறாரா? இந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்கும் வைத்தால் நாலு வகை ஆட்கள் கிடைப்பார்கள். நாலுக்கும் நம் மலையிலேயே ஆள் இருக்கிறது.

குறைவாக இறங்கி, இறங்கினாலும் தயங்குகிறவர் வரையாடு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு, முக்கூர்த்திப் பக்கம் பாறை விளிம்பில் நிற்கும். சின்னச் சத்தம் கேட்டால் போதும், மேலே ஏறிவிடும். குறைவாக இறங்கி, இறங்கினால் பாய்கிறவர் சிறுத்தை. தேயிலைச் செடிக்குள் மணிக்கணக்காகப் படுத்திருக்கும், எழுந்தால் ஒரே பாய்ச்சல். புதிதாகக் கற்கிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லித்தரப்படும் ஆட்டம் இதுதான்.

எல்லாவற்றிலும் இறங்கி, எல்லாவற்றிலும் ஏற்றுகிறவர் குரங்கு. பர்லியாறு பக்கம் வண்டியை நிறுத்திப் பாருங்கள், வர்க்கி பொட்டலம் உங்களுடையதா என்று அது கேட்காது. இப்படி ஆடுகிறவர் எதிரே இருந்தால் நமக்கு மூச்சு முட்டும். திறமையும் சேர்ந்துவிட்டால் மேசையிலேயே ஆபத்தான ஆள் இவர்தான். திறமை இல்லாவிட்டால் முதலில் எழுந்து போகிறவரும் இவரேதான்.

இனி நம்ம காட்டுமாடு. எனக்கு மிகவும் பிடித்தவர் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். எல்லா ஆட்டத்திலும் இறங்குவார், தானாக ஏற்றவே மாட்டார், விலகவும் மாட்டார். என் சித்தப்பா அச்சு அசல் இந்த ரகம். "இவன் கையில அப்படி என்னதான் இருக்குன்னு பாத்துருவோமே" என்று சொல்லிக்கொண்டே கடைசிவரை கூட வருவார்.

இவரிடம் பொய் ஏன் செல்லாது? நடுவில் 100 புளியங்கொட்டை இருக்கிறது என்று வையுங்கள். கையில் ஒன்றுமில்லாமல் நீங்கள் இன்னொரு 100 வைத்து மிரட்டுகிறீர்கள். எதிராளி விலகினால் உங்களுக்கு 100 வரவு. விலகாவிட்டால் 100 செலவு. ஆக, இரண்டு தடவைக்கு ஒரு தடவையாவது அவர் பயந்து விலகினால்தான் கையைக் கடிக்காது. வரையாடு விலகும். சிறுத்தைகூட யோசித்து விலகும். காட்டுமாடு? ஒரு டன் வரை எடை வருகிற உடம்பு, அது எதற்குப் பயப்பட வேண்டும்? மேசையிலும் அப்படித்தான். பயப்படத் தெரிந்தவனிடம்தான் பொய் செல்லும். சித்தப்பாவை ஜெயிக்க ஒரே வழி, நிஜமாகவே நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்ததும் கூச்சப்படாமல் நிறைய வைப்பது. அவர் தவறாமல் ஈடு கட்டுவார்.

"நான் அமைதியான ஆள், யாரோடும் அதிகம் பேசமாட்டேன், எனக்குப் போக்கர் வரும்" என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்முகம், வெளிமுகம் என்று மனிதர்களைப் பிரித்து மனவியலாளர் கார்ல் யுங் எழுதியது 1921இல். அதை அடிப்படையாக வைத்து வந்ததுதான் 16 வகை சொல்லும் மையர்ஸ் – பிரிக்ஸ் சோதனை. அதைச் சில வாரம் கழித்துத் திரும்ப எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. பேசாமல் இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வரையாடும் பேசாது, சிறுத்தையும் பேசாது.

மனவியலாளர்கள் இன்று அதிகம் நம்புவது ஐந்து குணக்கூறுகளை அளக்கும் முறையை. அதில் ஒன்று, மனம் எவ்வளவு சீக்கிரம் கலங்குகிறது என்பது. என் கணக்கில் சீட்டு மேசைக்கு முக்கியமானது அந்த ஒன்றுதான். ஏனென்றால் மேலே சொன்ன நாலு விலங்கில் எதுவும் ஒரு நொடியில் வேறொன்றாக மாறிவிடும். அதற்குப் பெயர் 'டில்ட்'. பின்பால் ஆடியிருக்கிறீர்களா? கோபத்தில் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' என்று விளக்கு எரிந்து ஆட்டம் அப்படியே உறைந்துவிடும். அங்கிருந்து வந்த சொல். நல்ல சீட்டோடு தோற்ற பிறகு, விட்டதைப் பிடிக்கிற வெறியில் சிறுத்தை குரங்காக மாறுவதுதான் அது. மனவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் காட்டியபடி, இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த வலியோடுதான் அடுத்த சீட்டை எடுக்கிறோம்.

கையில் போன் இருந்தால் இது ராத்திரி இரண்டு மணிக்கும் நிற்காது. எங்கள் லயனில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒருவர் ஒரு செயலியில் இரண்டு மாதச் சம்பளத்தை இப்படித்தான் விட்டார். அவர் முட்டாள் இல்லை, நிதானமான மனிதர். அதனால்தான் இதைச் சொல்கிறேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. அது வந்ததில் எனக்கு நிஜமாகவே நிம்மதி.

[காட்சி: லயன் வீட்டு அடுப்படி, கணப்பு, சாணி மெழுகிய தரையில் சீட்டுகள்.]

எங்கள் பாட்டி, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து இங்கே வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்தது முன்னூற்று நாலு என்கிற சீட்டாட்டம். ஏஸைவிட ஜாக்கி பெரிது, அதற்கு 30 புள்ளி. மழை பிடித்துக்கொண்டால் புளியங்கொட்டையை வைத்து ராத்திரி பத்து வரை ஆடுவோம். மூன்று கை தொடர்ந்து தோற்றால் பாட்டி சீட்டைக் கீழே வைத்துவிடுவார். "இருங்கடா, தேத்தண்ணி வச்சிட்டு வர்றேன்." தண்ணீர் கொதித்து, எல்லோருக்கும் ஊற்றி, தானும் குடித்து முடித்த பிறகுதான் அடுத்த கை.

உங்கள் வீட்டில் யார் காட்டுமாடு, யார் குரங்கு? கீழே எழுதுங்கள். சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டுகிறேன்.