ரூட்டுக்குள்ளே எது, வெளியே எது?

(ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான பயிற்சியில் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எனக்குத் தெரியும். வாயால் கேட்டால் பதில் டாண் டாண் என்று வரும். ஒளிச்சேர்க்கையைக் கேளுங்கள், இலை வெயிலில் சமைக்கிறது என்று ஆரம்பித்து ஸ்டார்ச் வரைக்கும் போவான். பேப்பரில் மட்டும் "கட்டடம்" "கடடம்" ஆகிவிடும். கொம்பு வரும் இடத்தில் பேனா அப்படியே நின்றுவிடும்.

அந்தக் கொம்பைக் கொஞ்சம் பாருங்கள். 'கெ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வருவது க். 'கொ' என்றால் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி, நடுவில் எழுத்து. நமக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்குப் பதினாலு வயதிலும் ஒவ்வொரு தடவையும் அது புதுசு. இப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் நோட்டில் "கவனம் இல்லை" என்று சிவப்பு மையில் நானே எழுதியிருக்கிறேன், வகுப்பாசிரியையாக இருந்த காலத்தில். இன்னும் உறுத்துகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. நம் மாநிலப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் இருக்கின்றன. தொடக்க வகுப்புகளில் இப்படிச் சிறப்புத் தேவை உள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நானோ பள்ளி பள்ளியாகப் போய் வருகிறேன். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலே பெரிது. மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை உங்களிடம்தான் இருக்கிறது.

என் மனக்குறை வேறு. சலுகையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தப் பழக்காமல் விட்டுவிடுகிறோம். பொதுத்தேர்வு அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு முகம் தெரியாத ஆசிரியர் பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண், கணக்கில் கெட்டி. கைதான் ஒத்துழைக்காது. தேர்வில் வர்க்கமூலக் கணக்கு ஒன்றில் "ரூட் எக்ஸ் பிளஸ் ரெண்டு" என்று சொல்லியிருக்கிறாள். எழுதியவர் எக்ஸை மட்டும் ரூட்டுக்குள்ளே வைத்து, ரெண்டை வெளியே போட்டுவிட்டார். அவள் சொன்னது இரண்டும் உள்ளே. தப்பு என்று அவளுக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு டீச்சரிடம் "அதை அடிச்சிடுங்க" என்று எப்படிச் சொல்வது? அடுத்தடுத்த வரிகள் எல்லாம் அந்தத் தப்பின் மேலேயே போயின. வெளியே வந்து என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அதற்கப்புறம் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒத்திகை ஆரம்பித்தேன். "ரூட் ஆரம்பம், எக்ஸ் பிளஸ் ரெண்டு, ரூட் முடிஞ்சது" என்று சொல்லப் பழக்குகிறோம். பின்னம் என்றால் "மேலே", "கீழே". படம் வரைய வேண்டுமென்றால் எங்கே கோடு தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். இதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கிறது. எழுதுகிறவருக்கும் பழக்கம் வேண்டும். பிள்ளை சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, தப்பாகச் சொன்னால் முகத்தைச் சுளிக்கவும் கூடாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வரும் காலாண்டுத் தேர்வில் உங்கள் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், வேறு பாட ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அது சொல்வதை எழுதட்டும். கூடுதல் ஒரு மணி நேரத்தையும் அன்றைக்கே கொடுத்துப் பாருங்கள். அந்த நேரத்தை என்ன செய்வது என்றும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

முதலில் சொன்ன பையனுக்குப் போன காலாண்டில் சமூக அறிவியல் சார் எழுதினார். தப்பு வந்தபோது பையன் மேசையைப் பார்த்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தான், சாருக்குக் கேட்கவே இல்லை. அரையாண்டில் நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். "சார், அந்த வரியை அடிச்சிட்டுத் திரும்ப எழுதுங்க" என்றான், நிமிர்ந்து பார்த்து. சாரும் அடித்துவிட்டு எழுதினார்.