பாதி என்றால் பாதி

(அமெரிக்காவில், சிறப்புக் குழந்தைகளின் தமிழ்ப் பெற்றோர் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், நாற்காலி இருக்கிறது.

நான் இங்கே சிறப்புக் கல்வி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு பையன். பேச்சு வராது. மடியில் ஒரு டேப்லெட். படத்தைத் தொட்டால் அது பேசும். மூன்று வருடமாக அவனுக்குக் கொடுத்திருந்த வேலை, சிவப்பு மணியை ஒரு கிண்ணத்திலும் நீல மணியை இன்னொரு கிண்ணத்திலும் போடுவது. அவன் வயதுப் பிள்ளைகள் பக்கத்து அறையில் பின்னம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல மனதோடு செய்ததுதான். ‘பாவம், இவனுக்கு எதற்குக் கணக்கு?’ அந்தப் ‘பாவம்’தான் எனக்கு ஆகாது.

1975-இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டம் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. மாநிலத் தேர்வில் இவர்களையும் சேர்க்கச் சொன்னது அதன் 1997 திருத்தம். வழக்கமான தேர்வு முடியாதவர்களுக்கு மாற்றுத் தேர்வு. தேர்வு என்று வந்துவிட்டால் பாடம் வேண்டுமே! அப்புறம் 2015 சட்டம், மாநிலங்கள் வைக்கும் மாற்றுத் தரங்கள் பொதுப் பாடத்திட்டத்தோடு பொருந்தியே இருக்க வேண்டும் என்றது. பாடம் அதேதான், ஆழம்தான் வேறு.

பல மாநிலங்களில் ‘எசென்ஷியல் எலிமென்ட்ஸ்’ என்ற தரங்கள் இருக்கின்றன. நாலாம் வகுப்பில் மற்றவர்கள் சமான பின்னங்களை விளக்கும்போது, நம் பிள்ளை பாதி எது, கால் எது என்று படத்தில் காட்ட வேண்டும்.

அதைத்தான் என் பையனுக்கும் ஆரம்பித்தேன். வட்டக் காகிதத்தை மடித்து, வெட்டி, ஒட்டி, இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் அவன் அம்மா போன் செய்தார். பான்கேக்கைப் பிய்த்து அண்ணனுக்குப் பாதி, இவனுக்குப் பாதி என்று வைத்தாராம். இவன் தட்டைத் தள்ளிவிட்டு ‘இல்லை’ பொத்தானை அடித்துக்கொண்டே இருந்தானாம். அண்ணன் துண்டு பெரிசு!

2017-இல் கொலராடோ மாநில வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, சிறப்புக் குழந்தைகளுக்குப் பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதும் என்ற வாதத்தைத் தள்ளினார்கள். இந்தப் பையன் அதை பான்கேக்கிலேயே சொல்லிவிட்டான்.

சரி, எல்லாரையும் மாற்றுத் தேர்வில் சேர்த்துவிடலாமா? கூடாது. மாநிலத்தில் ஒரு பாடத்துக்கு லட்சம் பேர் தேர்வெழுதினால், மாற்றுத் தேர்வு ஆயிரம் பேருக்குள் நிற்க வேண்டும். மீற வேண்டுமானால் தனியே விலக்குக் கேட்க வேண்டும். ஆட்டிசம் என்ற ஒரே காரணத்துக்காகவோ, ஆங்கிலம் இன்னும் வரவில்லை என்பதற்காகவோ ஒரு குழந்தையை அதில் போட முடியாது. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுத் தேர்வால் வழக்கமான டிப்ளோமா, அதாவது பள்ளியிறுதிச் சான்றிதழ், தள்ளிப்போகவோ கிடைக்காமல் போகவோ வாய்ப்பிருந்தால், பள்ளி அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

ஐ.இ.பி. கூட்டத்தில், அதாவது உங்கள் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் போடும் கூட்டத்தில், காபி ஆறுவதற்குள் ‘மாற்றுத் தேர்வு’ என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும். கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: இந்த வருடம் கணக்கில் என் பிள்ளை என்ன படிக்கப்போகிறான்? பதிலில் மணியும் கிண்ணமும் வந்தால், பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.