புதைத்தவர் யார், தோண்டுபவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்றால், மத்தியதரைக் கடலோரத்தில் எல் அலமைன் என்ற ஊர் வருகிறது. 1942 அக்டோபரில் ஜெர்மானிய, இத்தாலியப் படைகளும் பிரிட்டனின் எட்டாம் படையும் அங்கே மோதின. ஜெர்மானியத் தளபதி ரோமல் தன் அணிக்கு முன்னால் புதைக்கச் செய்த கண்ணிவெடிகள் மட்டும் ஐந்து லட்சத்தை நெருங்கும். அவற்றுக்குச் 'சாத்தானின் தோட்டங்கள்' என்றே பெயர் வழங்கியது. பிரிட்டன் தரப்பும் புதைத்தது. அந்தத் தரப்பில் நான்காவது இந்திய டிவிஷனும் நின்றது. நவம்பரில் போர் மேற்கே நகர்ந்துவிட்டது. போரிட்டவர் எவருக்கும் சொந்தமில்லாத மண்ணில் வெடிகள் தங்கிவிட்டன.

அவற்றை அகற்றும் பொறுப்பு சட்டப்படி யாருடையது? கடலைப் பற்றிய கேள்வியாக இருந்தால் விடை அன்றைக்கே இருந்தது. போர் முடிந்ததும் ஒவ்வொரு நாடும் தான் இட்ட கண்ணிகளை அகற்ற இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஒன்று கூறியது. நிலத்துக்கு அப்படியொரு விதி எழுதப்படவில்லை. வல்லரசுகளின் சரக்குகள் கடல்வழியே சென்றன, பாலைவனத்திலோ பெதுயின் என்னும் மேய்ச்சல் பழங்குடி மக்களின் ஆடுகள்தாம் மேய்ந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

போர் எச்சங்கள் பற்றி ஐ.நா. பொதுச்சபை 1975 முதல் பல தீர்மானங்களை நிறைவேற்றியது. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. புதைத்த தரப்பே பொறுப்பு என்ற கொள்கை, சில வகை மரபு ஆயுதங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் மரபு ஆயுதங்கள் உடன்படிக்கையின் திருத்திய இரண்டாம் நெறிமுறையில் 1996இல்தான் தெளிவாக இடம்பெற்றது. அதையும் 1942க்குப் பின்னோக்கிச் செலுத்த இயலாது. அடுத்த ஆண்டு உருவான, ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையோ வேறு வழியில் சென்றது: நிலம் எந்த அரசின் அதிகாரத்தில் உள்ளதோ அந்த அரசே பத்து ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும், வசதியுள்ள நாடுகள் உதவ வேண்டும். புதைத்தவர்களின் பொறுப்பைப் பேசாத உடன்படிக்கை என்பதைத் தன் காரணங்களுள் ஒன்றாகக் கூறி, எகிப்து இன்றுவரை அதில் சேரவில்லை.

எகிப்தின் குறை நியாயமானது. ஆயினும் ஒட்டாவாவின் ஏற்பாட்டில் ஒரு நடைமுறை அறிவு இருப்பதை மறுக்க முடியாது. குற்றவாளியைத் தீர்மானித்த பிறகுதான் மண்வெட்டியை எடுப்போம் என்றால் மேய்ப்பவனின் கால் காத்திருக்காது. ஜெர்மானியர் புதைத்த கண்ணிவெடிகளில் எஞ்சியவற்றை டென்மார்க் தானே அகற்றி 2012இல் பணியை முடித்தது. அது செல்வந்த நாடு என்பதும் உண்மை. ஆகவே, அகற்றும் கடமையை நிலத்தை ஆளும் அரசிடமும், செலவின் கடமையைப் புதைத்தவரிடமும் தனித்தனியே வைப்பதே முறை என்பது என் கருத்து. எகிப்துக்குப் பிரிட்டன் வெடி புதைத்த இடங்களின் வரைபடங்களைத் தந்தது, ஜெர்மனி கருவிகளைத் தந்தது. ஆனால் இவை நல்லெண்ண உதவிகளாகத் தரப்பட்டனவே ஒழிய, கடன் தீர்ப்பதாகத் தரப்படவில்லை. எழுபது எண்பது ஆண்டுகளாகக் காற்று மணலை நகர்த்திய பின் பழைய வரைபடம் எவ்வளவு துணை செய்யும் என்பதும் வேறு கேள்வி.

நிலத்தை மேம்படுத்துவது இங்கேதான் சிக்கலாகிறது. அகற்றும் ஆழம், அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்பதைப் பொறுத்தது. மேய்ச்சலுக்குப் போதுமான ஆழம் கட்டட அடித்தளத்துக்குப் போதாது. வடமேற்குக் கடலோர வளர்ச்சித் திட்டத்துடன் கண்ணிவெடி அகற்றலை எகிப்து இணைத்தது. 2018இல் புதிய அலமைன் நகரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பணம் ஈட்டும் கடற்கரை முதலில் தூய்மையாவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அகற்றிய நிலத்தை ஒப்படைக்கும் ஆவணத்தில் எந்த ஆழம் வரை, எந்தப் பயன்பாட்டுக்கு, அதன் பின்னும் ஒரு வெடி எஞ்சியிருந்து வெடித்தால் இழப்பீடு யாருடையது என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தாளின் படி ஒன்று, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஆடு மேய்க்கும் அவ்லாத் அலி என்ற பெதுயின் இனக்குழுவின் குடும்பங்களின் கையிலும் இருக்க வேண்டும்.